அவரா, அவர் போலவா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஊரிலிருந்து எனக்கு ஒரு தபால் உறை வந்தது. பிரித்துப் பார்த்தால், நான் இரண்டு மாதத்துக்கு முன் மும்பையிலிருந்து எழுதி, நோட்டரி முத்திரை போட்டு அனுப்பிய என்னுடைய அபிடவிட்டே திரும்பி வந்திருக்கிறது. அதில் ஒரே ஒரு சொல்லின் அடியில் சிவப்பு மையால் கோடு. பக்கத்தில் மலையாளத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: "சிமிலர் போரா, சேம் வேணம்." அதாவது, 'சிமிலர்' என்றால் போதாது, 'சேம்' என்று இருக்க வேண்டும்.

எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. கோடு போட்ட கை யாருடையதோ, அந்தக் கைக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக மும்பையில் ஆங்கிலத்திலேயே கடிதம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்றது போலத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் ஒற்றசேகரமங்கலம். திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, ரப்பரும் மரச்சீனியும் தென்னையுமாக இருக்கும் ஊர். பெயரில் உள்ள 'ஒற்ற' நம்முடைய 'ஒற்றை'தான். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு 'டி' போடுவதால், மும்பையில் என் முகவரியைப் பார்க்கிறவர்கள் எல்லாம் 'ஓட்டா சேகர்' என்று யாரோ ஒருவரின் வீட்டு விலாசமாக எண்ணிக்கொள்கிறார்கள். நடுவில் வருவது 'சே'யா 'ஷே'யா என்பதிலும் ஒழுங்கு கிடையாது. ஊரின் பெயருக்கே இந்தக் கதி என்றால் ஆளின் பெயர் என்ன ஆகும்?

என் அப்பாவின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். சுந்தரம், சுந்தரன் என்பது போல வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துச் சான்றிதழில், பென்ஷன் புத்தகத்தில், ஆதார் அட்டையில், கடைசியாக மரணச் சான்றிதழில், எல்லாவற்றிலும் அப்பா 'ம்' என்று முடிவார். வீட்டு மனைக்குரிய பிரமாணத்தில் மட்டும் (நீங்கள் பத்திரம் என்பதை எங்கள் பக்கத்தில் பிரமாணம் என்போம்) 'ன்' என்று முடிவார்.

இது எப்படி நேர்ந்தது என்பதற்குச் சரித்திரம் காரணம். அப்பா பையனாக இருந்தபோது எல்லாமே ஒரே திருவிதாங்கூர். தமிழ் படிக்க விளவங்கோடு தாலுகாவுக்குப் போனார். அங்கே தமிழ் வாத்தியார் பெயரைத் தமிழ் முறையில் 'ம்' போட்டு எழுதினார். தாத்தா அவர் பெயரில் மனை வாங்கியது கொல்லம் 1130ஆம் ஆண்டு, அதாவது 1954–55. பிரமாணம் எழுதியவர் மலையாளம் எழுதுகிறவர். காது கேட்டபடி 'ன்' போட்டார். அந்த நாளில் இரண்டும் ஒரே ராஜ்யத்தின் எழுத்துகள்தான். 1954 ஆகஸ்டு 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்ததும், தமிழ்த் தாலுகாக்களுக்கான போராட்டம் வெற்றி பெற்று 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை ராஜ்யத்துக்குப் போனதும் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அப்பா படித்த பள்ளிக்கூடம் அந்தப் பக்கம், தாத்தா வாங்கிய மனை இந்தப் பக்கம். ஒரே ஆளின் 'ம்' தமிழ்நாட்டுக்கும் 'ன்' கேரளத்துக்கும் பாகமாயிற்று என்று அப்பாவே சிரித்துக்கொண்டு சொல்லுவார். அவர் பிறகு எல்லைக்கு அப்பால் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகி, தினமும் வெள்ளறடை, பனச்சமூடு வழியாகப் போய் வந்தார். இருந்தவரை இந்த ஓரெழுத்து அவருக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. கரம் அடைத்தார், ரசீது வாங்கினார், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு மனையை அம்மாவின் பெயருக்கும் எங்கள் பெயருக்கும் மாற்ற வேண்டி வந்தது. அங்கே அதைப் போக்குவரவு என்பார்கள். இறந்தவர் 'ம்', மனைக்காரர் 'ன்'. அப்படியானால் மனைக்காரர் எங்கே? இந்தச் சிக்கலுக்குக் கேரளத்தில் ஒரு சான்றிதழ் இருக்கிறது: 'ஒன் அண்ட் தி சேம் சர்டிபிகேட்'. இரண்டு பெயரும் ஓர் ஆளையே குறிக்கும் என்று வருவாய்த் துறையில் தருவது. அதற்கு ஆதாரமாகத்தான் நான் அபிடவிட் எழுதினேன். எழுதும்போது எனக்குள் இருந்த பெரிய மனிதர் தலையைத் தூக்கினார். 'சேம்' என்பது என்ன சொல்? ஆட்டோக்காரர் முதல் நண்டு சிண்டு வரை 'சேம் டு சேம்' என்கிறார்கள். அபிடவிட்டில் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று 'சிமிலர்' போட்டேன். பிரமாணத்தில் உள்ள நபரும் மரணச் சான்றிதழில் உள்ள நபரும் 'சிமிலர்' என்று சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டேன்.

அதாவது, அப்பாவைப் போலவே இன்னொருவர் இருந்தார், மனை அவருடையது, என்று என் கைப்படவே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவிடம் போனில் இதை விளக்கிச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு, "அப்போ நான் இத்தனை காலமும் ரெண்டு பேருக்காக்கும் சோறு போட்டது?" என்றாள். சிரித்தாளா, அழுதாளா என்று போனில் தெரியவில்லை. அப்பாவை அடக்கியதும் அந்த மனையின் தெற்கு மூலையில்தான். அது வேறொருவர் மண் என்று காகிதம் சொன்னால் அவள் என்ன செய்வாள்?

அன்று ராத்திரி என் மகளிடம் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அவள் பத்தாம் வகுப்பு. கணக்கில் முக்கோணங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. 'சிமிலர்' முக்கோணம் என்றால் வடிவம் ஒன்றாக இருக்கும், அளவு வேறாக இருக்கலாம். 'காங்குருவென்ட்' என்றால் வடிவமும் அளவும் ஒன்று. ஒன்றைத் தூக்கி மற்றதன் மேல் வைத்தால் அச்சாகப் பொருந்தும். தமிழில் முன்னதை வடிவொத்த முக்கோணம் என்றும் பின்னதைச் சர்வசம முக்கோணம் என்றும் படித்திருக்கிறோம். மலையாளத்தில் முன்னது சதிருசம், பின்னது சர்வசமம். அப்பா கரும்பலகையில் இதையே முப்பது வருடம் வரைந்தார். அவர் மகன் சிமிலர் என்று எழுதி மனையை இழக்கப் பார்த்தான்!

"அப்பா, சர்வசமமா இருந்தாலும் அது ரெண்டு முக்கோணம்தானே?" என்றாள் மகள்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சிமிலர், அலைக், ஈக்வல், ரிசெம்பிள் எல்லாமே முதலில் இரண்டு என்று எண்ணிக்கொண்டு பிறகுதான் பேச ஆரம்பிக்கின்றன. ஒப்பிட வேண்டுமானால் இரண்டு வேண்டும். 'சேம்' ஒன்றுதான் இரண்டு இல்லை, ஒன்றே என்று சொல்லக்கூடியது.

சொல்லக்கூடியது என்றேன், எப்போதும் சொல்லும் என்று சொல்லவில்லை. 'நாங்கள் இருவரும் சேம் ஸ்கூல்' என்றால் பள்ளிக்கூடம் ஒன்று. 'நாங்கள் இருவரும் சேம் ஷர்ட்' என்றால் சட்டை இரண்டு. ஒரு சட்டைக்குள் இரண்டு பேர் நுழைய முடியாது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறது. நாம் முதலாவதற்கு 'அதே பள்ளிக்கூடம்' என்போம், இரண்டாவதற்கு 'ஒரே மாதிரி சட்டை' என்போம். குழப்பமே இல்லை. அதனால்தான் சட்டக்காரர்கள் வெறும் 'சேம்' போதாதென்று 'ஒன் அண்ட் தி சேம்' என்று முன்னால் ஒரு 'ஒன்'னையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தச் சொற்களையெல்லாம் பள்ளியில் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே அர்த்தம் என்று மனப்பாடம் செய்கிறார்கள். பெற்றோர் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக் காட்டலாம். 'ஈக்வல்' அளவை மட்டும் பார்க்கும். ஓர் ஐம்பது ரூபாய் நோட்டும் ஐந்து பத்து ரூபாய் நோட்டும் ஈக்வல், ஆனால் சிமிலர்கூட இல்லை. 'ஐடென்டிகல்' என்றால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அது லத்தீனில் 'அதே' என்று பொருள்படும் ஒரு சொல்லின் வழியில் வந்தது, நம் பையில் கிடக்கும் ஐடென்டிட்டி கார்டும் அதே வழி. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைப் பிள்ளைகளை ஐடென்டிகல் என்கிறார்கள், ஆனாலும் கைரேகை வேறாகவே இருக்கும். 'அலைக்' பெயருக்கு முன்னால் வராது. பிள்ளைகள் இருவரும் அலைக் என்று சொல்லலாம், இரண்டு அலைக் பிள்ளைகள் என்று சொல்லக்கூடாது. 'ரிசெம்பிள்' வந்தால் பின்னால் 'டு' போடக்கூடாது. இதை நம்மில் முக்கால்வாசிப் பேர் போடுகிறோம், 'அப்பாவுக்கு ஒத்திருக்கிறான்' என்ற நினைப்பில். 'டேக் ஆஃப்டர்' குடும்பத்துக்குள் மட்டும், அதுவும் கீழிருந்து மேலே மட்டும்: மகன் அப்பாவை டேக் ஆஃப்டர் செய்யலாம், அப்பா மகனைச் செய்ய முடியாது.

இன்னொன்று, 'லைக்' என்பதற்கும் 'ஆஸ்' என்பதற்கும் உள்ள தூரம். ஒருவர் உங்களிடம் 'லைக் எ ஃபாதர்' பேசினால் அவர் உங்கள் அப்பா இல்லை. 'ஆஸ் எ ஃபாதர்' பேசினால் அவர் அப்பாவேதான். தமிழில் அப்பாவைப் போல, அப்பாவாக. எங்கள் பக்கத்தில் அந்த 'ஆக' என்பது 'ஆட்டு' என்று ஆகிவிடும். 'நல்லாட்டு', 'சும்மாட்டு' என்போம். கோயம்புத்தூர் பக்கத்தில் 'ஆட்ட' என்றால் 'போல'. சங்கத்தில் எனக்கு ஒரு கோவை நண்பர் உண்டு. அவர் 'கொழந்தையாட்டப் பேசறார்' என்றால் பேசுகிறவர் பெரியவர். நான் 'பிள்ளையாட்டு இருந்தப்போ' என்றால் நிஜமாகவே பிள்ளையாக இருந்தபோது. ஓர் உயிரெழுத்து வித்தியாசத்தில் ஆளே மாறிப்போகிறார்.

சரி, ஊருக்கு வருகிறேன். தபாலில் இந்தக் காரியம் நடக்காது என்று தெரிந்துவிட்டது. மகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் நேத்ராவதி எக்ஸ்பிரஸ் பிடித்து அவளையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கினேன். அவள் ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. முற்றத்தில் கால் வைத்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு அவள் முகத்தைப் பாகம் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

"மூக்கும் நெத்தியும் அப்பன் கணக்கு" என்றாள் மாமி, அப்பாவின் தங்கை. கணக்கு என்றால் எங்கள் ஊரில் 'போல'. கணக்கு வாத்தியாரின் பேத்திக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. "சிரிக்கச்சிலே பாத்தியா, அம்மை சாடை" என்றாள் இன்னொருத்தி. "என்ன சாடை? தாத்தாவை உரிச்சு வச்சிருக்கு!" என்றது ஒரு கிழவி, தீர்ப்பு சொல்கிற தொனியில்.

அடுத்த வீட்டுச் சேச்சி மலையாளி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "அப்பூப்பன்டெ அதே சாய!" என்றாள். மகள் என் காதோடு, "தாத்தா குடிக்கிற டீயா?" என்று கேட்டாள். சாயா என்றால் தேநீர் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். சேச்சி சொன்னது முகச்சாயலை. எழுதும்போது மலையாளத்தில் அது வேறு 'ச', கேட்கும்போது நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

யோசித்துப் பாருங்கள், அந்தப் பெண்கள் யாரும் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஜாடை என்றால் முகத்தில் ஏதோ ஓர் அசைவு, ஒரு பார்வை, ஒரு சிரிப்பு; வரும், போகும். சாயல் அப்படியில்லை. இன்ன மூக்கு, இன்ன கண் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, ஆனால் தூரத்தில் நடந்து வரும்போதே தெரியும். 'அச்சு' என்றால் வார்ப்பு. நிழலுக்கு அங்கே இடமில்லை. 'உரித்து வைத்தது' அதற்கும் மேலே. தோலை உரித்தால் உள்ளே இருப்பது அவரே என்று சொல்வது. நான்கு சொல்லும் நான்கு படி. ஆங்கிலத்தில் இந்தப் படிக்கட்டு இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் முற்றத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டே இவ்வளவு நுணுக்கமாக ஏறி இறங்குவதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. தொல்காப்பியத்தில் பொருளதிகாரத்தில் உவமவியல் என்று ஓர் இயலே இதற்காக இருக்கிறது. எதைக்கொண்டு ஒப்பிடுகிறோம் என்பதை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறார் ஆசிரியர். புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போலக் கொடுத்தான் என்றால் பயன். உடுக்கை போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம். ஒப்புமை சொல்ல 36 உருபுகளையும் அடுக்குகிறார். அந்த 36இல் 'போல', 'ஒப்ப' இருப்பதில் ஆச்சரியம் இல்லை. 'உறழ' இருக்கிறது, உறழ்தல் என்றால் மாறுபட்டுப் போட்டியிடுதல். 'எள்ள' இருக்கிறது, ஏளனம் செய்வது. 'வெல்ல', 'கள்ள', 'மருள', 'வியப்ப' எல்லாம் இருக்கின்றன. முகம் நிலவை ஒத்தது என்று சொல்ல, முகம் நிலவோடு போட்டியிடுகிறது, அதை ஜெயிக்கிறது, அதன் அழகைத் திருடிக்கொண்டது, பார்த்தவன் எது எது என்று மயங்குகிறான் என்று இத்தனை விதமான மனநிலைகள். இவற்றில் இந்த உருபு வினைக்கு, இந்த உருபு நிறத்துக்கு என்று பங்கிட்டும் வைத்திருக்கிறார். பின்னால் வந்த நன்னூல் 12 உருபுகளைச் சொல்லி 'பிறவும்' என்று முடித்துக்கொண்டது. இன்று நம் வீடுகளில் புழங்குவது 'போல'யும் 'மாதிரி'யும்தான். மும்பையில் பிறந்த பிள்ளைகளிடம் அதுவும் 'லைக்' ஆகிவிட்டது.

'போல்' என்பதன் வீட்டிலிருந்தே வந்த இன்னொரு பிள்ளை 'போலி'. கடைத்தெருவில் போலி என்றால் கள்ளச் சரக்கு. இலக்கணத்தில் அதற்கு நல்ல பெயர்: எழுத்து மாறினாலும் பொருள் மாறாதது போலி. பந்தல், பந்தர் இரண்டும் ஒன்று. அறம், அறன் இரண்டும் ஒன்று. நிலம், நிலன் இரண்டும் ஒன்று.

இங்கே நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். 'ம்' இருந்த இடத்தில் 'ன்' வந்தால் பொருள் மாறாது என்று இலக்கணமே சொல்கிறதே, அப்புறம் சான்றிதழ் எதற்கு? ஆவலோடு நன்னூலை எடுத்துப் பார்த்தேன். சலுகை அஃறிணைப் பெயருக்குத்தான். நிலத்துக்குக் கிடைக்கும், நிலத்துக்காரருக்குக் கிடைக்காது. அப்பா உயர்திணை.

சட்டமும் இந்த விஷயத்தில் நன்னூலைவிடக் கறார். நம் நாட்டு வணிகச் சின்னச் சட்டம் (1999) ஒரு சின்னம் இன்னொன்றோடு 'ஐடென்டிகல்' ஆக இருப்பதையும், 'டிசெப்டிவ்லி சிமிலர்' ஆக, அதாவது ஆளை ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருப்பதையும் தனித்தனியாகப் பேசுகிறது. இதற்கு முன்பே 1962இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. அமிர்ததாரா என்ற மருந்து ஏற்கெனவே பிரபலம். லக்ஷ்மண்தாரா என்று இன்னொருவர் மருந்து விற்றார். எழுத்தை எழுத்தாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் வேறுதான். நீதிமன்றம் அப்படிப் பிரித்துப் பார்க்க மறுத்தது. கடைக்கு வருகிற சாதாரண மனிதர் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்வதில்லை. அரைகுறை ஞாபகத்தோடு வருகிறார். மொத்தமாகக் கேட்கும்போது அவருக்கு மயக்கம் வரும் என்று தீர்மானித்தது. தொல்காப்பியத்தின் 'மருள' அங்கே ஆங்கில உடையில் உட்கார்ந்திருப்பதாக எனக்குப் படுகிறது. ஆக, சட்டத்தின் முன் 'சிமிலர்' என்பது கௌரவச் சொல் அல்ல, கொஞ்சம் சந்தேகத்துக்குரிய சொல். நான் என் அப்பாவின் மேல் அதைப் போய்ப் பூசியிருக்கிறேன்.

ஊரில் காரியம் நடந்த விதத்தை நீட்டவில்லை. அக்ஷயா மையத்தில் மனு பதிவு செய்தோம். பள்ளிச் சான்றிதழ், பிரமாணம், கரம் தீர்த்த ரசீதுகள் எல்லாம் கொடுத்தோம். புதிய அபிடவிட்டில் மறக்காமல் 'ஒன் அண்ட் தி சேம்'. பிறகு விசாரிக்க வீட்டுக்கு வந்தார்கள். அயல்வாசிகள் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். ஒருவர் வேலிக்கு அப்பாலிருந்த அதே சேச்சியின் கணவர். மற்றவர் அப்பாவோடு ஒன்றாக ஆற்றில் குளித்து வளர்ந்த கிழவர், எண்பது தாண்டியவர், காது மந்தம்.

அந்தக் கிழவரிடம் வந்தவர் பிரமாணத்தைக் காட்டி, இந்தப் பெயர்க்காரரும் இந்த வீட்டு வாத்தியாரும் ஓராள் தானா என்று சத்தமாகக் கேட்டார். கிழவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அதே" என்றார். மலையாளத்தில் 'அதே' என்றால் 'ஆமாம்'. தமிழ்க்காதுக்கு அது 'அவரேதான்'. அவர் எந்த மொழியில் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படிக் கேட்கும் வழக்கமும் இல்லை. எந்த மொழியில் எடுத்தாலும் பதில் சரி. பிறகு அவராகவே, "ஓராள் தன்னெ, ஓராள் தன்னெ" என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு பெயருக்கும் ஒவ்வொன்று என்று கணக்கு வைத்தாரோ என்னவோ.

அம்மாவிடம் வந்தபோதுதான் ஒரு சங்கடம். "பர்த்தாவின் பெயர்?" என்று கேட்டார் வந்தவர். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் அறுபது வருடமாக அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. அவள் தலைமுறையில் சொல்லமாட்டார்கள். 'ம்'மும் சொன்னதில்லை, 'ன்'னும் சொன்னதில்லை. 'அவிய' என்றுதான் சொல்லுவாள். எங்கள் பக்கத்தில் மரியாதையாக 'அவர்' என்பதற்கு அதுதான். மாமி, பிள்ளைகள் பெயரைச் சொல்லி 'அவன் அப்பா' என்று சொல்லச் சொன்னாள். வந்தவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். விஷயம் புரிந்து சிரித்துவிட்டு, "மகன் பறஞ்ஞால் மதி" என்று என்னிடம் திரும்பினார். இரண்டு பெயரையும் நான் சொன்னேன்.

மும்பைக்குத் திரும்ப டிக்கெட் எடுத்திருந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு சான்றிதழ் கைக்கு வந்தது. ஒரு பக்கம்தான். பின்கட்டில் அம்மா மரச்சீனி சீவிக்கொண்டிருந்தாள். மகளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி இல்லை, வாசி என்றாள் அம்மா. நான் வாசித்தேன், இரண்டு பெயரும் வரும் இடத்தில் கொஞ்சம் மெதுவாக.

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் அவியதான்" என்றாள். "இதுக்கா மக்களே இவ்வளவு நாளு?"